கி இல்லாமல் எக்ஸ் கார்ட் ஸ்வீப்: வேலூர் வெயிலில் பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவில் கி என்பது தடித்த சட்டையும் பேன்ட்டுமான பயிற்சி உடை, அது இல்லாமல் ஆடுவது நோ-கி. கார்ட் என்பது கீழே கிடந்தபடி எதிராளியைக் காலால் கட்டுப்படுத்தும் நிலை, அதிலிருந்து அவரைக் கவிழ்த்து மேலே வருவது ஸ்வீப். கி உடுத்தி எக்ஸ் கார்ட் நன்றாகப் போடுகிறவர்கூட, அதே ஸ்வீப்பை நோ-கியில் முயன்றால் முதல் சில வாரம் திணறிப்போவார். கியில் சட்டைக் கையும் பேன்ட் விளிம்பும் பிடிக்கக் கிடைக்கும். இடுப்பு இடம் தவறியிருந்தாலும் ஹூக் (கொக்கிபோல மாட்டும் பாதம்) தளர்ந்திருந்தாலும் அந்தத் துணிப்பிடி இரண்டு மூன்று விநாடி கடன் கொடுக்கும். அதற்குள் சரிசெய்துகொள்ளலாம். நோ-கியில் அந்தக் கடன் கிடையாது. அதிலும் வேலூரில், கத்திரி வெயில் காலத்தில், தகரக் கூரைக்குக் கீழே மாலை ஆறு மணிக்கு மேட்டில் (பயிற்சி விரிப்பில்) இறங்கினால் பத்தே நிமிடத்தில் எதிராளியின் கணுக்கால் நனைந்த சோப்புக்கட்டி போல ஆகிவிடும். கை வழுக்கும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, தோள், இடுப்பு, இரண்டு பாதம் இவற்றைக் கொண்டுதான் இந்த ஸ்வீப்பைக் கட்ட வேண்டும். கீழே வரும் தவறுகளில் முக்கால்வாசி கையை நம்புவதால் வருகிறவை.

இந்தக் கார்டை உலகம் முழுக்கப் பிரபலமாக்கிய மார்செலோ கார்சியா, ஏடிசிசி எனும் உலக நோ-கி போட்டியில் 77 கிலோவுக்குட்பட்ட பிரிவை 2003, 2005, 2007, 2011 என நான்கு முறை வென்றவர். கியிலும் நோ-கியிலும் ஏறக்குறைய ஒரே ஆட்டத்தை ஆடியவர் என்பதுதான் நமக்கு முக்கியம். துணியே தேவைப்படாத ஆட்டம் அது.

முதலில் வடிவம். எதிராளி நிற்கிறார், நீங்கள் அவருக்கு அடியில் குறுக்காகக் கிடக்கிறீர்கள். அவருடைய ஒரு கால் உங்கள் தோள்மேல் இருக்கிறது. அந்தப் பக்கத்துக் கை அந்தக் காலை உள்ளிருந்து வளைத்து அணைத்திருக்கிறது. இன்னொரு காலை உங்கள் இரண்டு கால்களும் எக்ஸ் போலப் பூட்டியிருக்கின்றன. மேல் ஹூக், தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பில். கீழ் ஹூக், முழங்காலுக்குப் பின்னால். குழப்பம் வராமல் இருக்க, முதல் காலைத் தோள்கால் என்றும் அடுத்ததைப் பூட்டுக்கால் என்றும் சொல்வோம்.

விரலால் கணுக்காலைப் பிடிப்பது

நம் பக்கத்தில் பழக வருகிறவர்களில் கபடி ஆடியவர்கள் நிறைய. கணுக்காலைக் கண்டால் இரண்டு கையாலும் கவ்வி இழுப்பது அவர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. கபடியில் ரெய்டர் கோட்டைத் தொடாமல் தடுத்தால் போதும், அதற்கு அந்தப் பிடி அருமையானது. இங்கே கணுக்காலை இழுத்தால் அவர் பாதம் மேட்டில் இன்னும் அழுத்தமாகப் பதியும். அவர் நிலைகுலைவதற்குப் பதில் நீங்களே அவருக்கு ஊன்றுகோல் கொடுத்தது போலாகும். இழுக்க இழுக்க வியர்வையில் விரலும் வழுக்கிக்கொண்டு வரும்.

தோள்காலை முழங்கை மடிப்பால் பிடியுங்கள். கெண்டைக்கால் உங்கள் முழங்கை மடிப்புக்குள் அமர வேண்டும். கை, அவர் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைச் சுற்றி வர வேண்டும். கட்டைவிரலைப் பிரிக்காமல் மற்ற நான்கு விரல்களோடு சேர்த்துக் கொக்கிபோல வையுங்கள். கட்டைவிரல் பிரிந்தால் முன்கை இறுகி ஒரே நிமிடத்தில் சோர்ந்துவிடும். தலையைச் சாய்த்துக் காதை அவர் காலோடு ஒட்டிக்கொண்டால், தோளும் தலையும் ஒரு கிடுக்கியாகிவிடும். இந்தக் கிடுக்கி வியர்வையிலும் அவ்வளவு எளிதில் விடாது.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவர் குதிகாலைக் கவனியுங்கள். முன்பாதம் மேட்டை லேசாகத் தொட்டால் பரவாயில்லை. குதிகால் பதிந்துவிட்டால் எடை அவர் காலுக்கே திரும்பிவிட்டது என்று அர்த்தம். தோளைச் சற்று உயர்த்தி அந்தக் குதிகாலை மறுபடி கிளப்பிய பிறகுதான் மேற்கொண்டு போக வேண்டும்.

இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஞாயிறு காலை வகுப்புக்கு வருகிறவர்கள் உண்டு. சீயக்காய் போட்டாலும் பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் எண்ணெய் தங்கிவிடும். எதிராளியின் கெண்டைக்கால் வந்து உட்காரும் இடமே அதுதான். தினமும் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கிறவர்களுக்கும் இதே சிக்கல். வகுப்புக்கு முன் கழுத்தையும் பிடரியையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு இறங்குங்கள். வெற்றுடம்பைவிட முழுக்கை ராஷ்கார்ட் (உடம்போடு ஒட்டும் பயிற்சிச் சட்டை) நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பருத்தி பனியன் வேண்டாம், நனைந்தால் தொங்கி விரல் மாட்டும்.

இடுப்பு எட்டி இருப்பது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இது, வெளியிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. ஹூக் இரண்டும் சரியாக இருக்கும், கைப்பிடி சரியாக இருக்கும், கால் நீட்டினால் எதிராளி அசையவே மாட்டார். உங்கள் இடுப்பு அவருக்கு அடியில் இல்லாமல் ஒரு சாண் தள்ளி இருப்பதுதான் காரணம். அவர் எடை உங்கள்மேல் ஏறவில்லை. உங்கள் கால் தூக்குவதற்கு ஒன்றுமில்லாமல் காற்றில் நீள்கிறது.

சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. பிடியைப் போட்டுக்கொண்டு, கூடப் பழகுகிறவரை அப்படியே மெதுவாக உட்காரச் சொல்லுங்கள். உங்கள் வயிற்றின்மேலோ இடுப்பின்மேலோ உட்கார்ந்தால் இடம் சரி. மேட்டில் உட்கார்ந்தால் நீங்கள் எட்டி இருக்கிறீர்கள். ஒவ்வொரு வகுப்பிலும் முதல் ஐந்து முறை இந்தச் சோதனையைச் செய்த பிறகே கால் நீட்டப் பழகுங்கள்.

உள்ளே போக, அவர் காலை உங்கள் பக்கம் இழுக்கக் கூடாது. அந்தக் காலைத் தூண்போலப் பிடித்துக்கொண்டு உங்களை அவருக்கு அடியில் இழுத்துக்கொள்ள வேண்டும். ஒரே இழுப்பில் போகாது. தோள், இடுப்பு, தோள் என்று மூன்று சிறு நகர்வு. முதுகு முழுவதும் மேட்டில் பதிந்திருந்தால் இந்த நகர்வு நடக்காது. தோள்கால் இருக்கும் பக்கத்துக்குச் சற்று ஒருக்களித்திருங்கள்.

எதிராளி இரண்டு முழங்காலையும் மேட்டில் ஊன்றியிருக்கும்போது எக்ஸ் கார்டுக்குள் பாய்வதும் இதே வகைத் தவறு. அடியில் நுழைய இடமே இல்லை. பட்டர்ஃபிளை ஹூக்கால் (அவர் தொடைக்கு உள்ளே மாட்டும் பாதத்தால்) அவரைக் கொஞ்சம் கிளப்பி, ஒரு காலையாவது ஊன்றி எழ வைத்த பிறகு நுழையுங்கள்.

ஹூக் உயிரில்லாமல் கிடப்பது

பாதம் தளர்ந்து தொங்கினால் அது ஹூக் இல்லை. கால்விரல்களை உங்கள் முழங்கால் பக்கம் மடக்கி, புறங்காலால் கொக்கி போட வேண்டும். மேல் ஹூக் தொடையின் நடுவுக்கு இறங்கிவிட்டால் எதிராளி உள்ளங்கையால் ஒரே அழுத்தில் அதைக் கீழே தள்ளிவிட்டு, முழங்காலைக் குறுக்கே வெட்டிக் கார்டைத் தாண்டிவிடுவார். இடுப்பு மடிப்பிலேயே இருந்தால் அவருக்குத் தள்ள இடமில்லை. இரண்டு ஹூக்குக்கும் இடையில் அவர் தொடையின் முழு நீளமும் இருக்க வேண்டும். மேல் ஹூக் இடுப்பைத் தள்ள, கீழ் ஹூக் முழங்காலை விலக்க, இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன. நெருங்கி வந்துவிட்டால் ஒரே இடத்தை இரண்டு காலாலும் உதைப்பதுதான் மிஞ்சும்.

மேல்நோக்கித் தூக்குவது

வேலூர் சத்துவாச்சாரி பளுதூக்குதலுக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து போன சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டி இரண்டிலும் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கியவர். அப்படிப்பட்ட ஊர்ப்பக்கத்திலிருந்து தொடை பலத்தோடு மேட்டுக்கு வருகிறவர்கள் எக்ஸ் கார்டில் விழுகிற குழி ஒன்றுதான்: எதிராளியை லெக் பிரஸ் போல நேராக மேலே தூக்குவார்கள். தூக்கவும் முடியும். தூக்கப்பட்டவர் ஒரு குதி குதித்து அதே இரண்டு காலில் இறங்குவார். மூன்று முறை தூக்கினால் கீழே இருப்பவருக்குத் தொடை நடுங்கும், மேலே இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது.

தள்ள வேண்டிய திசை சாய்வானது. பூட்டுக்காலைத் தோள்காலிலிருந்து விலக்கி, வெளிப்பக்கமாக, தரையை ஒட்டிய சாய்வில் தள்ளுங்கள். இரண்டு காலுக்கும் இடைவெளி அகல அகல அவர் கவட்டை விரிந்து நிலை கெடும். குதிக்கவும் முடியாது, காலைச் சேர்க்கவும் முடியாது. இதற்குப் பெரிய பலம் வேண்டியதில்லை. 60 கிலோ ஆள் 85 கிலோ ஆளை விரித்துவிடலாம், தூக்க வேண்டுமென்றால்தான் முடியாது.

காலை எப்போதும் நீட்டியே வைத்திருப்பதும் தவறு. நீட்டிய காலில் மேற்கொண்டு தள்ள எதுவும் மிச்சமில்லை. முழங்கால் மடங்கி, அவர் எடையைத் தாங்கிக்கொண்டு காத்திருக்கட்டும். அவர் மேல் ஹூக்கை உருவ ஒரு கையைக் கீழே இறக்கும் நொடியில், அல்லது பின்னால் சாயும் நொடியில் நீட்டுங்கள். அவர் முன்னால் கவிழ்ந்திருந்தால் கியில் சட்டைக் கையைப் பிடித்துத் தலைக்கு மேலாக உருட்டுவார்கள். நோ-கியில் அந்தக் கையின் மணிக்கட்டு உருவிக்கொண்டு போய் மேட்டில் ஊன்றிவிடும். அதனால் உருட்டும் வகையை முதல் ஆயுதமாக வைக்காதீர்கள். விரித்துவிட்டு எழுகிற வகையே இங்கே நம்பகமானது.

எழுவதில் தாமதம்

விரிந்த எதிராளி அப்படியே நிற்க மாட்டார். ஒரு விநாடியில் தோள்காலை உருவப் பார்ப்பார். பலர் காலை முழுக்க நீட்டி முடித்து, விளைவைப் பார்த்துவிட்டு, அப்புறம் எழ ஆரம்பிக்கிறார்கள். அதற்குள் வாய்ப்புப் போய்விடும். கால் நீளும்போதே ஒழிந்த கையின் உள்ளங்கை உங்கள் இடுப்புக்குப் பின்னால் மேட்டில் ஊன்றியிருக்க வேண்டும். தள்ளும் விசையிலேயே இடுப்பு மேட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

இரண்டு ஹூக்கையும் ஒன்றாக எடுக்காதீர்கள். ஒன்று தள்ளிக்கொண்டே இருக்க, மற்றது வெளியே வந்து மேட்டில் ஊன்றட்டும். ஊன்றிய பிறகே அடுத்ததை உருவிப் பின்னால் போடுங்கள். இந்தச் சமயத்தில் தோள்காலின் பிடி முழங்காலிலிருந்து கணுக்கால் பக்கம் இறங்கலாம், அது இயல்பு. அணைப்பை மட்டும் தளர்த்தக் கூடாது. எழும்போது அந்தக் கால் உங்கள் மார்போடு ஒட்டியே மேலே வர வேண்டும். காலுக்கும் மார்புக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால், அடுத்த நொடி கால் உங்கள் கையில் இருக்காது.

எழுந்து நின்றதும் மூச்சு வாங்க நிற்பது அடுத்த பிழை. இப்போது உங்கள் கையில் இருப்பது சிங்கிள் லெக், அதாவது நிற்கிறவரின் ஒற்றைக் காலைப் பிடித்த பிடி. கபடி ஆட்டக்காரர் ஒற்றைக் காலில் நொண்டியே மேட் முழுவதும் சுற்றுவார். தலை நிமிர்ந்து, நெற்றியோ காதோ அவர் விலாவில் ஒட்டி, அவர் ஊன்றிய காலின் பின்பக்கத்தை நோக்கி நடந்து தள்ளுங்கள். விழுந்ததும் மேலேயே இருந்து அழுத்துங்கள். ஐபிஜேஜேஎஃப் (சர்வதேச பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு) விதியில் ஸ்வீப்புக்கு 2 புள்ளி. மேலே வந்து 3 விநாடி நிலைநிறுத்தினால்தான் அது கிடைக்கும். ஏடிசிசியில் ஸ்வீப் 2 புள்ளி, கார்டைத் தாண்டிய நிலையிலேயே போய் முடிந்தால் 4.

தோற்ற பிடியில் தொங்குவது

மேல் ஹூக் உருவப்பட்டுவிட்டதா, எக்ஸ் கார்ட் முடிந்தது. உடனே சிங்கிள் லெக் எக்ஸுக்கோ (அவர் ஒரு காலை மட்டும் உங்கள் இரண்டு காலாலும் பூட்டும் நிலை) பட்டர்ஃபிளைக்கோ மாறுங்கள். அவர் பூட்டுக்காலின் முழங்காலை மேட்டில் இறக்கிவிட்டால் ஹாஃப் கார்டுக்கு (அவர் ஒரு காலை உங்கள் கால்களுக்கு நடுவே பிடித்துவைக்கும் நிலை) தயாராகுங்கள். சிங்கிள் லெக் எக்ஸுக்கு மாறும்போது ஒரு எச்சரிக்கை: வெளிப்பக்கமிருந்து வரும் உங்கள் பாதம் அவர் உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டிக் குறுக்கே போகக் கூடாது. அது நீ-ரீப் (முழங்காலை முறுக்கும் நிலை). ஐபிஜேஜேஎஃப் நோ-கியில் நீலம், ஊதா பெல்ட்காரர்களுக்கு அது விதிமீறல். விதியை விடுங்கள், முழங்கால் தசைநார் போய்விடும்.

பழகும் முறையில் வரும் தவறு

எதிர்ப்பே இல்லாத ஆளிடம் ஐம்பது முறை செய்வதில் பயன் குறைவு. முதல் வாரம் இரண்டு பக்கமும் பத்துப் பத்து முறை நுழைவும் இடுப்புச் சோதனையும் மட்டும். ஸ்வீப்பே வேண்டாம். இரண்டாம் வாரம் எதிராளிக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள்: மேல் ஹூக்கை உருவுவது. அடுத்த வாரம் வேறு வேலை: தோள்கால் குதிகாலைப் பதிப்பது. பிறகு எக்ஸ் கார்டிலிருந்தே தொடங்கி மூன்று மூன்று நிமிடச் சுற்றுகள், முழு எதிர்ப்போடு. உடம்பு காய்ந்திருக்கும் முதல் பத்து நிமிடத்தில் இதை வைக்காதீர்கள். வகுப்பின் கடைசியில், எல்லாரும் நனைந்த பிறகு வையுங்கள். அப்போது நிற்கிற பிடிதான் உங்களுடைய உண்மையான பிடி.

சுற்று முடிந்ததும் மேட்டைத் துடைத்து, உடனே குளித்துவிடுங்கள். இந்த வெக்கையில் ஈர ராஷ்கார்டோடு காட்பாடிவரை பைக்கில் போனால் படர்தாமரை வர அதிக நாள் ஆகாது. ஒருவருக்கு வந்தால் மேட்டில் இருக்கிற எல்லாருக்கும் பரவும். தோலில் வட்டமாகச் சிவந்து அரித்தால் ஆறும்வரை வகுப்புக்கு வராமல் இருங்கள்.

கூடப் பழகுகிறவரின் பூட்டுக்காலிலும் ஒரு கண் இருக்கட்டும். விரிக்கும்போது அவர் பாதம் வியர்வையில் வழுக்காமல் மேட்டில் ஒட்டிக்கொண்டு, முழங்கால் மட்டும் உள்ளே மடங்கினால், அந்த இடத்திலேயே ஹூக்கை விட்டுவிடுங்கள். அவர் விடச் சொல்லிக் கையால் தட்டும்வரை காத்திருக்க வேண்டாம்.