பிரெயில் பலகையோடு முடிந்துவிடும் விளையாட்டுத் திடல்கள்

வாசலில் பிரெயில் பலகை ஒன்றை நட்டுவிட்டால் பார்வையற்ற பிள்ளைகளுக்கு வேண்டியதைச் செய்தாயிற்று என்று நினைப்பதுதான் முதல் தவறு. அந்தப் பலகையும் பெரும்பாலும் எஃகு. வேலூரின் அக்னி நட்சத்திர வெயிலில் மதியம் அதில் விரல் வைத்துப் பாருங்கள், படிப்பதற்குள் கை சுட்டுவிடும். நிழலில், பிள்ளையின் மார்பளவு உயரத்தில், கொஞ்சம் சாய்வாக வைக்க வேண்டும். பக்கத்திலேயே பெரிய தமிழ் எழுத்தும் வேண்டும். ஏனென்றால் பார்வையற்றவர் என்று நாம் சொல்பவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்சமாவது பார்வை மிச்சம் இருக்கும்.

என் அக்கா மகனும் அப்படித்தான். நிறம் தெரியும், விளிம்பு பிடிபடாது. ஒரு பூங்காவில் வேப்பமர நிழல் தரையில் திட்டுத்திட்டாக விழுந்திருந்தது. சட்டென்று நின்றுவிட்டான். “இன்னா மாமா, பள்ளமா?” அழகுக்காகக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரையும் இப்படித்தான் ஏமாற்றும். வேடிக்கை என்னவென்றால், நாலடி தள்ளி நிஜமாகவே ஒரு படி இருந்தது. சாம்பல் நிறத் தரையில் சாம்பல் நிறப் படி. அது அவனுக்குத் தெரியவே இல்லை. படியின் விளிம்பில் ஒரு மஞ்சள் பட்டை அடித்திருந்தால் போதும். அதற்காக வானவில் மாதிரி எல்லாவற்றுக்கும் எல்லா நிறத்தையும் பூசினால் எதுவுமே தனித்துத் தெரியாது.

ரொம்ப ஆபத்தானது ஊஞ்சல். அதைப் போய் நடைபாதையை ஒட்டிப் போடுகிறார்கள். ஆடி வரும் பலகை நம் கண்ணில் படும், அவனுக்கோ இடித்த பிறகுதான் தெரியும். ஊஞ்சலை ஒரு மூலைக்கு ஒதுக்கி, சுற்றிக் குட்டை வேலி போட்டு, ஒரே ஒரு வழி விடுங்கள். உள்ளே தரை மணலாக மாறினால் கால் சொல்லிவிடும். சறுக்குமரத்தின் அடிப்பக்கமும் இதே ரகம். வெள்ளைக் கோல் தரையில் இருப்பதைத்தான் தொடும், தலைக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும் தகடு அதற்கு அகப்படாது. அங்கே தரையில் செடித்தொட்டி வரிசை ஒன்று இருந்தால் கோல் முன்னதாகவே தட்டி நிற்கும்.

தடவழி ஓடுகள், அதாவது காலாலும் கோலாலும் தடவி வழி அறியத் தரையில் பதிக்கும் புடைப்பு ஓடுகள், 1967-இல் ஜப்பானின் ஒகயாமாவில் முதலில் பதிக்கப்பட்டவை. நீளக் கோடு என்றால் போகலாம், புள்ளி என்றால் கவனி, நில். இங்கே இரண்டையும் கலந்து ஒட்டி, கடைசியில் விளக்குக் கம்பத்தில் கொண்டுபோய் முட்டவிட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். இதற்குப் பேசாமல் வெறும் தரையாகவே விட்டிருக்கலாம்.

ஒலிக்கும் குழாய், மணி, மேளம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவிப்பது அடுத்தது. வெளியே ஆட்டோ ஹாரன் வேறு. ஒலி என்பது அந்தப் பிள்ளைகளுக்கு வழிகாட்டி, பொம்மை மட்டும் இல்லை. வாசல் பக்கம் மணி, எதிர் மூலையில் நீரூற்று என்று பிரித்து வைத்தால் எங்கே நிற்கிறோம் என்று அவர்களுக்கே தெரியும்.

அப்புறம் செடி. தண்ணீர் அதிகம் கேட்காது என்று பூங்கா முழுக்க அரளி வைக்கிறோம். அது விஷம். தொட்டும் முகர்ந்தும் பார்க்கும் பிள்ளைகள் வரும் இடத்தில் துளசி, மருவு, தவனம் போதும். காகிதப்பூவும் வேண்டாம், முள்.

‘சிறப்புக் குழந்தைகள் பகுதி’ என்று தனியாக வேலி கட்டுவதை என்னால் ஏற்கவே முடிவதில்லை. அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கமா? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 30-ஆம் பிரிவில், விளையாட்டில் இவர்கள் பங்கேற்கும்படி வசதிகளை மாற்றியமைக்கச் சொல்கிறது. ஓரமாக உட்காரவைக்கச் சொல்லவில்லை.

சில பொறியாளர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்க்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் அதில் தெரிவது பயம் மட்டுமே. பிள்ளைகளையே கேளுங்கள், அதுவும் சிமென்ட் கலப்பதற்கு முன்னால். காகிதத்தில் போட்ட வரைபடம் உதவாது. அட்டையும் கயிறும் ஒட்டி ஒரு மாதிரி செய்து கையில் கொடுங்கள். விரலால் ஒரு தடவை சுற்றி வந்துவிட்டு, ஊஞ்சல் எங்கே இடைஞ்சல் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.