ஸ்பின்னர்பெய்டில் ரப்பர் வாலும் எக்ஸ்ட்ரா முள்ளும்: நம்ம குட்டைக் கரையில் நடக்கிற தவறுகள்

மலேசியாவில் பேராக்கின் பத்து காஜா ஊர்ப்பக்கம் வெள்ளீயம் எடுத்துவிட்டுப் போன குட்டைகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். செம்பனைத் தோட்டத்து மண்சாலை முடிகிற இடத்தில் நாலு மோட்டார் நிற்கும், கரையில் நாலு பேர் காஸ்டிங் போட்டுக்கொண்டிருப்பார்கள், அதில் ரெண்டு பேருடைய ஸ்பின்னர்பெய்டை, அதாவது வளைந்த கம்பியின் ஒரு முனையில் சுழலும் தகடும் மறுமுனையில் ஈயத்தலையும் முள்ளும் குஞ்சமும் வைத்த போலி இரையை, பார்த்தால் தீபாவளிக் கடையில் தொங்குகிற தோரணம் மாதிரி இருக்கும். தகடு, குஞ்சம், அதற்குப் பின்னால் ஒரு நீள ரப்பர் வால், அதற்கும் பின்னால் இன்னொரு முள். கேட்டால், "மீன் வந்து தட்டிட்டுப் போகுதுண்ணே, அதான் போட்டேன்" என்பார்கள்.

1985-இல் வெள்ளீய விலை விழுந்து சுரங்கங்கள் மூடிய பிறகு நமக்கு மிஞ்சியது தஞ்சோங் துவாலாங் சாலையில் நிற்கிற வெள்ளீயம் வாரிய அந்தப் பழைய மிதவைக் கப்பலும் இந்தக் குட்டைகளும்தான், குட்டையில் இப்போது ராஜாவாக இருப்பது பீகாக் பாஸ். இதில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்பின்னர்பெய்டை அமெரிக்காவில் லார்ஜ்மவுத் பாஸுக்காகத்தான் வளர்த்தெடுத்தார்கள். நம்ம பீகாக் பாஸ் பெயரில்தான் பாஸ், உண்மையில் தென்னமெரிக்காவிலிருந்து வந்த, திலாப்பியா குடும்பத்து மீன். லார்ஜ்மவுத் பாஸ் வாயை அகலத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். பிபி (பீகாக் பாஸை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) அப்படியும் தின்னும், ஆனால் குஞ்சு காக்கிற நேரத்தில் பசிக்காகக் கடிக்காது, விரட்டுவதற்காக முட்டும். அந்த முட்டலை "மீன் சரியாகக் கவ்வவில்லை" என்று எண்ணி முள்ளுக்கு மேல் முள் மாட்டினால் என்ன ஆகும்? மீனின் கன்னத்திலோ வயிற்றிலோ குத்தி இழுத்து வருவீர்கள். அது தூண்டில் போடுவதில் சேர்த்தி இல்லை.

சரி, முதல் தவறு வாலும் இல்லை முள்ளும் இல்லை. கடையில் வாங்கிய ஸ்பின்னர்பெய்டை ஒரு தடவையாவது வெறுமையாக ஓட்டிப் பார்க்காமல் எல்லாவற்றையும் மாட்டிவிடுவது. கரையோரத் தெளிந்த தண்ணீரில் ரெண்டு கை தூரம் போட்டு, நீங்கள் வழக்கமாகச் சுற்றுகிற வேகத்தில் இழுத்துப் பாருங்கள். தகடு மேலே, முள் கீழே என்று நிமிர்ந்து வரவேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தால் தலைப்பக்கத்தை உங்களை நோக்கித் திருப்பிப் பிடித்துப் பாருங்கள், மேல் கம்பியும் முள்ளும் ஒரே நேர்கோட்டில் இருக்காது. விரலால் வளைத்து நேராக்கினால் போதும். தோமான் என்கிற கூர்ப்பல் விரால் இன மீன் ஒன்று கடித்து உலுக்கிவிட்டுப் போனால் கம்பி மறுபடியும் கோணும், அதனால் ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். மெதுவாக இழுக்கும்போது தகடு சுற்றவில்லை என்றால் அதை மாட்டியிருக்கிற சுவிவல் என்கிற சுழல் வளையத்தில் மண்ணோ துருவோ ஏறியிருக்கும். இதையெல்லாம் பார்க்காமல் வால் மாட்டிவிட்டு, அப்புறம் வாலைக் குறை சொல்வதில் பலன் இல்லை.

இன்னொன்று, லைன் கட்டுகிற கம்பி வளைவு திறந்தபடி இருக்கிற வகையில் ஸ்னாப் என்கிற கொக்கியை மாட்டுவது. நம்ம ஊரில் இது ரொம்ப அதிகம், ஏனென்றால் தோமானுக்குப் பயந்து எல்லோரும் லைன் நுனியில் பல்லுக்கு அறுபடாத வயர் லீடரும் ஸ்னாப்புமாகத்தான் வருகிறார்கள். திறந்த வளைவில் ஸ்னாப் ஒரு இடத்தில் நிற்காது, வீசும்போதே வழுக்கி மேல் கம்பி வழியாகத் தகடு வரைக்கும் ஏறிவிடும், பிறகு இழுத்தால் முழு பெய்டும் தலைகீழாக வரும். லைனை நேராக இறுக்கிக் கட்டுங்கள். வயர்தான் வேண்டும் என்றால் வளைவு வட்டமாக மூடியிருக்கிற வகையாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் வளைவின் ரெண்டு பக்கமும் சின்ன ரப்பர் குழாய்த் துண்டு ஏற்றி ஸ்னாப்பை அங்கேயே நிறுத்துங்கள்.

இப்போது வால். வால் எதற்கு என்று கேட்டால் பாதிப் பேர் "அழகா ஆடும்" என்கிறார்கள். ஆடும்தான், ஆனால் அது தண்ணீரில் ஒரு தடையும் கூட. வால் மாட்டினால் பெய்ட் மேலே மிதந்து ஏறப் பார்க்கும், ஒரே வேகத்தில் இழுத்தாலும் முன்பைவிட உயரத்தில் ஓடும். ஆழத்தில் ஓட்ட நினைத்தவர் வாலை மாட்டிவிட்டு அதே பத்து கிராம் பெய்டை அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் மீனின் தலைக்கு ரெண்டு முழம் மேலேதான் ஓட்டிக்கொண்டிருக்கிறார். வேகத்தைக் குறைக்க வேண்டும், அல்லது 14 கிராமுக்குப் போக வேண்டும். மறுபக்கம், பாசிக்கு மேலேயே மெதுவாக ஓட்ட நினைப்பவருக்கு இதே மிதப்பு ஒரு வரம்.

நீளம்தான் பெரிய வம்பு. அஞ்சு அங்குல ரப்பர் மீனை அப்படியே ஏற்றினால் அதில் பாதி முள்ளுக்குப் பின்னால் தொங்கும், மீன் அந்தப் பாதியைக் கடித்துவிட்டுப் போகும், நீங்கள் உடனே எக்ஸ்ட்ரா முள்ளைத் தேடுவீர்கள். பத்து கிராம் பெய்டுக்கு மூணு, மூணரை அங்குலம் தாராளம், அதிலும் தலையைக் கொஞ்சம் வெட்டிவிட்டு ஏற்றினால் பெய்டின் ஈயத்தலையோடு ஒட்டி உட்காரும். நான் எக்ஸ்ட்ரா முள் போட்டுத் தீர்த்த பிரச்சினைகளைவிட கத்தரிக்கோலால் வாலை அரை அங்குலம் குறைத்துத் தீர்த்தவை அதிகம். உடம்பு தடித்த வாலும் ஆகாது. முள்ளின் வளைவுக்கும் முனைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை ரப்பரே அடைத்துக்கொண்டால் மீனின் தாடையில் இறங்க முள்ளுக்கு இடம் எங்கே?

ஏற்றும்போது நேராக ஏற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் அளப்பதில்லை. வாலை முள்ளின் பக்கத்தில் வைத்து, முனை எங்கே வெளியே வரவேண்டுமோ அங்கே நகத்தால் ஒரு கீறல் போட்டுவிட்டு அப்புறம் குத்துங்கள். கோணலாக ஏறிய வால் காற்றாடி மாதிரி பெய்டையே சுற்ற வைக்கும், லைனும் முறுக்கிக்கொள்ளும். தலைப்பக்கம் ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டால் ஒவ்வொரு வீச்சுக்கும் கீழே இறங்காது. துடுப்பு வால் வைத்த தடித்த ரப்பர் மீனை ஒற்றை அகலத் தகட்டோடு சேர்ப்பது எனக்குப் பிடிக்காது, தகட்டின் அதிர்வும் வாலின் அதிர்வும் ஒன்றோடொன்று சண்டை போடும். மழைக்குப் பிறகு தண்ணீர் தே தாரேக் (நம்ம பால் தேநீர்) நிறத்தில் இருக்கும்போது அகலமான கொலராடோ தகட்டின் அதிர்வை நம்பித்தான் மீன் வருகிறது, அங்கே மெலிந்த ரெட்டை வால் போதும்.

எக்ஸ்ட்ரா முள்ளுக்கு வருவோம். இதில் நான் பார்த்த அபத்தங்களுக்குக் கணக்கே இல்லை. பெரிய முள் 4/0 அல்லது 5/0 அளவில் இருந்தால் பின்முள், அதுதான் இந்த எக்ஸ்ட்ரா முள், அதைவிடச் சின்னதாக 1/0, 2/0 அளவில் இருக்கலாம். அதன் காது, பெரிய முள்ளின் முனையும் அதன் கீழே எதிர்ப்பக்கமாகப் பிரிந்து நிற்கிற நாக்கும் நுழைகிற அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். இதற்கென்றே காது பெருத்த முள் விற்கிறார்கள். சாதா முள்ளின் காதை பிளையரால் அகட்டி மாட்டினால் அது ஒரு நல்ல மீன் வரும் நாளாகப் பார்த்துத் திறந்துகொள்ளும்.

நிறுத்தி வைக்க ரெண்டு வழி உண்டு. ஒன்று, அரை சென்டிமீட்டர் ரப்பர் குழாயைப் பின்முள்ளின் காதின்மேல் ஏற்றி, அந்தக் குழாயையும் காதையும் சேர்த்துப் பெரிய முள்ளில் குத்தி இறக்குவது. இப்படிச் செய்தால் பின்முள் அசையாமல் நேராக நிற்கும். இன்னொன்று, காதை வெறுமையாக நுழைத்துவிட்டு அதற்கு வெளியே ஒரு சின்ன பிளாஸ்டிக் வட்டை ஏற்றித் தடுப்பது. மைலோ டின் மூடியில் காகிதம் துளைக்கிற கருவியால் ஒரு வட்டம் எடுத்தால் அதுவே போதும், காசு கொடுத்து வாங்க வேண்டாம். இந்த முறையில் பின்முள் இங்குமங்கும் ஆடும், மீன் உலுக்கும்போது சேர்ந்து திரும்புவதால் கழன்று போவது குறைவு. ஆனால் பாசியிலும் அதுவே முதலில் மாட்டும். தடுப்பே இல்லாமல் மாட்டிக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள், அது முதல் உலுக்கலிலேயே கழன்று மீனின் வாயிலேயே போய்விடும்.

வரிசையும் முக்கியம். முதலில் வால், அப்புறம் பின்முள். மாற்றிப் போட்டால் வாலைக் கழற்றாமல் எதையும் சரிசெய்ய முடியாது. பின்முள்ளின் முனையை வாலின் ரப்பரிலேயே குத்தி வைப்பது இன்னொரு பழக்கம், பார்க்க நேர்த்தியாக இருக்கும், ஆனால் வால் கட்டிப்போட்ட ஆடு மாதிரி நின்றுவிடும். ஆடாத வாலுக்கு எதற்குக் காசு? முனை பெரிய முள்ளைப் போலவே மேலே பார்த்து இருக்கட்டும். அடியில் ஒன்றும் இல்லாத திறந்த தண்ணீராக இருந்தால் மட்டும் கீழே பார்த்து மாட்டுகிறவர்கள் உண்டு.

ஆகாயத்தாமரையும் மூழ்கிய மரக்கிளைகளும் உள்ள மூலையில் பின்முள் வேண்டவே வேண்டாம். ஸ்பின்னர்பெய்டின் பெரிய பலமே அந்தக் கம்பி முன்னால் போய்க் கிளையை விலக்கிக் கொடுப்பதுதான், பின்முள்ளோ அந்தக் காவலுக்கு வெளியே தொங்குகிறது. வால் அறுந்து அறுந்து வருகிறதா, பல் தடம் வாலின் நுனியில் மட்டும் இருக்கிறதா, அப்போது போடுங்கள். அதற்கு முன்னால் அவசரப்பட்டுத் தூண்டில் கம்பைச் சுண்டுகிறீர்களா என்றும் பாருங்கள். பின்னிய இழையான பிரெய்டட் லைன் அநேகமாக நீளாது, தட்டல் தெரிந்த நொடியில் சுண்டினால் வாயிலிருந்து நாமே பிடுங்கியதாகிவிடும். கனம் தெரிகிற வரைக்கும் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

என் இடது கட்டைவிரலில் ஒரு தழும்பு இருக்கிறது. ரெண்டு கிலோகூட இல்லாத பிபி, வழக்கம்போல கீழ்த்தாடையில் கட்டைவிரலைக் கொடுத்துத் தூக்கினேன், பெரிய முள் அதன் வாயில், பின்முள் காற்றில். மீன் ஒரு துள்ளு துள்ளியது, பின்முள் என் விரலில் நாக்கு மறைகிற வரைக்கும் இறங்கியது, மீனும் நானும் ஒரே பெய்டில். பக்கத்தில் இருந்த மாமா வந்து கம்பியை வெட்டிய பிறகுதான் மூச்சு வந்தது, கிளினிக்கில் அந்த நர்ஸ் சிரித்த சிரிப்பு தனி. அன்றிலிருந்து பின்முள் போட்டால் அதன் நாக்கைப் பிளையரால் நசுக்கிவிட்டுத்தான் போடுகிறேன், மீனை வலையில் வாங்கி முதலில் பின்முள்ளைத்தான் கழற்றுகிறேன். தோமானாக இருந்தால் விரலே கிட்டப் போகாது, அதன் பல்லைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் வாலையும் பின்முள்ளையும் கழற்றிவிடுங்கள். ஈரத்தோடு பெட்டியில் போட்டால் ரெண்டு முள்ளும் தொடுகிற இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். பெட்டியை வெயிலில் நிற்கிற காரின் பின்பெட்டியில் விடாதீர்கள், வேறு வேறு வகை ரப்பர் வால்களை ஒரே அறையில் சேர்த்தும் வைக்காதீர்கள். ஒன்றை ஒன்று உருக்கிக்கொள்ளும். எனக்கு ஒருமுறை பன்னிரண்டு வாலும் ஒரு குஞ்சமும் சேர்ந்து டோடோல் என்கிற பிசுபிசுப்பு இனிப்பு மாதிரி ஒரே கட்டியாகக் கிடைத்தது.