லிபிடிமா கால்களுக்குக் கொழுப்பு உறிஞ்சும் சத்திரசிகிச்சை: போவதற்கு முன்

“சாப்பாட்டைக் குறை, கால் மெலியும்” என்று சொல்லும் மாமிமாரை விடுங்கள். லிபிடிமா என்பது கால்களில் கொழுப்பு அளவுக்கு மீறிச் சேர்ந்து வலிக்கும் நோய். அந்தக் கொழுப்பு பட்டினிக்கு அசையாது. நான் இரண்டு கால்களுக்கும் செய்துகொண்டவள், அதனால் சொல்கிறேன்.

முதலில் அழுத்தக் காலுறை. சத்திரசிகிச்சைக்குப் பிறகு வாரக்கணக்கில் போட்டிருக்க வேண்டும். மழைக்காலத்தில் வெள்ளவத்தை மாடிவீட்டு பல்கனியில் துவைத்தது லேசில் காயாது. இரண்டு சோடியாவது வாங்குங்கள். எப்போது அளவெடுப்பது என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

பாவிக்கும் குளிசைகள், ஆயுர்வேத மருந்து, மீன் எண்ணெய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். அஸ்பிரின் குருதிப்போக்கைக் கூட்டும், ஆனால் நீங்களாக நிறுத்த வேண்டாம். கருத்தடைக் குளிசையையும் மறைக்காதீர்கள். சில வகைகள் காலில் இரத்தக்கட்டி உண்டாகும் ஆபத்தைக் கூட்டும். ஹீமோகுளோபினை நேரத்தோடு பாருங்கள். குறைவென்றால் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும்.

அப்புறம் வீடு. முதல் ஓரிரு நாள் கொழுப்பை உறிஞ்சக் காலில் போட்ட சிறு துளைகளால் இளஞ்சிவப்பு நீர் கசியும். பெரும்பாலும் அது உறிஞ்சுவதற்கு முன் காலுக்குள் ஏற்றிய திரவம்தான், பயப்படாதீர்கள். மெத்தைக்கு றப்பர் சீட், பழைய துவாய்கள் எடுத்து வையுங்கள். திரும்பி வர ஓட்டோ வேண்டாம், கால் நீட்ட இடமுள்ள கார் பிடியுங்கள். முதல் இரவு கட்டாயம் ஒருவர் கூட இருக்கட்டும்.