துபாயில் தம்பிக்கு அடிபட்டால் குடியாத்தத்தில் இருந்து என்ன செய்யலாம்

குடியாத்தத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் தம்பி துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்தான். வேலைக்குப் போகிற வழியில் வண்டி மோதி முதுகெலும்பிலும் தொடையிலும் முறிவு. அதிலிருந்து, அக்கம்பக்கத்தில் யார் வீட்டுக்கு இப்படி ஒரு போன் வந்தாலும் என் கடைக்கு வந்துவிடுகிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் எழுதுகிறேன். சவூதி, சிங்கப்பூர் என்றால் சட்டம் மாறும். செய்கிற வேலை பெரிதாக மாறாது.

போன் வந்ததும் வீட்டில் ஆளாளுக்குத் துபாய்க்கு அடிப்பார்கள். மாமா ஒருவரைப் பிடிப்பார், சித்தப்பா இன்னொருவரைப் பிடிப்பார், ரூம்மேட் பாவம் எல்லோருக்கும் ஒரே கதையைச் சொல்லி ஓய்ந்துபோவான். இங்கே ஒருவர், அங்கே ஒருவர், இரண்டே பேர்தான் பேச வேண்டும். அழாமல் பேசக்கூடியவராகப் பாருங்கள். மூத்தவர்தான் பேச வேண்டும் என்று கிடையாது. எங்கள் வீட்டில் நைனாவை விட்டுவிட்டு நான் பேசினேன். அவருக்கு வருத்தம்தான்.

முதல் பேச்சில் கேட்க வேண்டியது கொஞ்சம்தான்: எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, நினைவு இருக்கிறதா, தானாக மூச்சு விடுகிறானா, கை கால் அசைகிறதா, ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்களா. நம் நேரத்துக்கு அவர்கள் ஒன்றரை மணி நேரம் பின்னால். காலை ஒன்பது மணிக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் என்றால் இங்கே பத்தரை. ஆங்கிலம் வராதே என்று பயப்படாதீர்கள், பெரும்பாலும் ஒரு மலையாள நர்ஸாவது இருப்பார். பொறுமையாகத் தமிழில் பேசினால் புரிந்துகொள்வார்.

அடுத்து பெயர். சின்ன விஷயமாகத் தெரியும், பெரிய தலைவலி இதில்தான். நம் பக்கத்தில் இனிஷியலோடு எழுதுகிறோம். பாஸ்போர்ட்டில் அதை விரித்து அப்பா பெயரைப் பின்னால் போட்டிருப்பார்கள். அங்கே அதையே குடும்பப் பெயராக எடுத்துக்கொள்வார்கள். என் தம்பி பெயரைச் சொன்னால் அப்படி ஆளே இல்லை என்றார்கள்; நைனா பெயரைச் சொன்ன பிறகுதான் கிடைத்தான். போலீஸ் அறிக்கையில் அரபியில் எழுதி, அதைத் திரும்ப ஆங்கிலத்தில் எழுதும்போது எழுத்து இன்னொரு தடவை மாறும். ஆஸ்பத்திரி, போலீஸ், இன்சூரன்ஸ் மூன்றிலும் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா, பாஸ்போர்ட் நம்பர் சரியா என்று அங்கிருப்பவரை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அவன் அங்கே இருக்கும்போதே திருத்தச் சொல்லுங்கள். ஊருக்கு வந்த பிறகு இங்கிருந்து திருத்துவது நடக்காத காரியம்.

துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தின் உதவி மையம் 24 மணி நேரமும் போன் எடுக்கும். அங்கிருந்து 800 46342 அடித்தால் காசு இல்லை. இங்கிருந்து நீங்கள் ‘மதத்’ இணையதளத்தில் புகார் பதியலாம். வெளியுறவுத் துறை 2015ல் தொடங்கியது. பதிந்ததும் ஒரு நம்பர் வரும். அதைச் சொன்னால்தான் பேச்சு நகரும். சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறை இருக்கிறது, அவர்களுக்கும் ஒரு மனு போடுங்கள். ஆஸ்பத்திரி பில் கட்ட யாருமே இல்லை என்றால், தூதரகத்திடம் இந்திய சமூக நல நிதி இருக்கிறது. தானாக வராது, எழுதிக் கேட்க வேண்டும்.

பாஸ்போர்ட்டில் ஈசிஆர் (வெளிநாட்டு வேலைக்குக் குடியேற்ற அனுமதி வேண்டும் என்பது) முத்திரையோடு வேலை விசாவில் போனவர்களுக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்கிற இன்சூரன்ஸ் கட்டாயம். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம் ரூபாய். பலருக்கு இது எடுத்திருப்பதே தெரியாது. ஏஜென்ட் கொடுத்த கவரைத் தேடிப் பாருங்கள், பாலிசி காகிதம் அதற்குள் கிடக்கும்.

இது போக, அமீரகச் சட்டப்படி வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கிற விபத்தும் வேலை விபத்துதான். சிகிச்சைச் செலவு முதலாளியுடையது. ஆறு மாதம் வரை முழுச் சம்பளம், தேறவில்லை என்றால் அடுத்த ஆறு மாதம் பாதி. அதனால் விபத்து எத்தனை மணிக்கு, எங்கே போகும்போது நடந்தது என்பது போலீஸ் அறிக்கையில் இருக்க வேண்டும். கம்பெனி ஆள் ஒருவர் என் தம்பி படுக்கைக்கே அரபிக் காகிதம் கொண்டுவந்தார். ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்றாராம். படித்துக் காட்டாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதே என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வண்டி இன்சூரன்ஸ்மீது வழக்கு நடத்த வேண்டியிருந்தால், கிளம்புவதற்கு முன் அங்கேயே நோட்டரியில் வக்கீலுக்கோ நம்பிக்கையானவருக்கோ பவர் எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கு வந்து எழுதினால் ஒவ்வொரு ஆபீஸாக முத்திரைக்கு அலைய வேண்டும்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது சம்மரி மட்டும் போதாது. சிடி ஸ்கேன், எம்ஆர்ஐ படங்களை டிஸ்க்கில் கேட்டு வாங்குங்கள். ஆபரேஷன் குறிப்பும், உள்ளே வைத்த பிளேட், ஸ்க்ரூவின் ஸ்டிக்கரும் வேண்டும். அந்தச் சின்ன ஸ்டிக்கரை யாரும் மதிப்பதில்லை. நாளைக்கு எம்ஆர்ஐ எடுக்கவோ பிளேட்டைக் கழற்றவோ வேண்டும் என்றால், உள்ளே இருப்பது என்ன என்று இங்கிருக்கிற டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். அரபியில் இருப்பதையெல்லாம் அங்கேயே அங்கீகாரம் உள்ள மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் முத்திரையோடு வாங்கிவிடச் சொல்லுங்கள்.

படுத்தபடி வர ஸ்ட்ரெச்சர் எல்லா விமானத்திலும் கிடைக்காது. பல சீட்டுகளை மடக்கித்தான் போடுவார்கள், அத்தனைக்கும் காசு. டாக்டர் நிரப்பித் தரும் மருத்துவப் படிவத்தை ஏர்லைன் பார்த்துச் சரி சொன்ன பிறகு டிக்கெட் போடுங்கள். மாவுக்கட்டு போட்டு இரண்டு நாள் ஆகவில்லை என்றால் அதை நீளவாக்கில் பிளந்துவிட வேண்டும்; பறக்கும்போது கால் வீங்கும்.

சென்னையில் இறங்கியதும் எங்கே கொண்டுபோவது என்பதை முன்னாலேயே முடிவு செய்யுங்கள். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியின் ராணிப்பேட்டை வளாகம் ரத்தினகிரி பக்கம் ஹைவேயிலேயே இருக்கிறது, விபத்து சிகிச்சைக்கு வசதி உண்டு. முதுகெலும்பு என்றால் அதற்குப் பிறகு வேலூர் பாகாயத்தில் இருக்கிற சிஎம்சியின் மறுவாழ்வு மையம். 1966ல் அதைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸும் 1954ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்தான். வீல்சேரில் உட்கார்ந்தபடியே ஆபரேஷன் செய்தவர். தம்பியிடம் இதைச் சொன்னேன். ‘நான் மறுபடி ஏசி மாட்டுகிற வேலைக்குப் போனால் போதும்கா’ என்றான்.

அவன் வருவதற்குள் வீட்டில் இரண்டு வேலை. பாத்ரூம் கதவு வீல்சேர் நுழைகிற அகலம் இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். எங்கள் வீட்டில் நிலையையே பெயர்க்க வேண்டியிருந்தது. வாசற்படிக்குச் சாய்தளம் கட்டுகிற மேஸ்திரியிடம், ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்று எழுதியே கொடுங்கள். இடம் இல்லை என்று செங்குத்தாக இறக்கிவிடுவார்கள், பின்னால் தள்ளுகிறவருக்கும் ஆபத்து. கால் மரத்துப்போனவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இரவிலும்தான். இதற்கு முறை போட்டு, யார் எந்த நேரம் என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் விடியற்காலை முறை நைனாவுடையது.