மாவட்ட அரசு சட்டக் கல்லூரி: மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேனி, தர்மபுரி, ராமநாதபுரம், விழுப்புரம், நாமக்கல் என்று மாவட்டம் மாவட்டமாக இன்று அரசு சட்டக் கல்லூரிகள் வந்துவிட்டன. எல்லாம் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. "பெரிய ஊர் கல்லூரி கிடைக்கலையே" என்ற மனக்குறையோடு சேரும் பலர், சின்ன ஊர் தரும் நல்ல வசதி ஒன்றைக் கடைசிவரை தொடுவதே இல்லை. அது பக்கத்திலேயே இருக்கும் கோர்ட். சிவில் வழக்கு நடக்கும் முன்சீப் கோர்ட்டும் கிரிமினல் வழக்கு நடக்கும் மாஜிஸ்திரேட் கோர்ட்டும் பெரும்பாலும் ஒரே வளாகத்தில் இருக்கும். கூட்டம் குறைவு என்பதால் சாட்சி சொல்வது பின்வரிசை வரை கேட்கும்.

சேரும்போதே செய்யும் தவறு ஒன்று. மூன்றாண்டுப் படிப்புக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும் என்று நினைக்கிறார்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அதன்பின் பட்டம் என்ற வரிசை இருக்க வேண்டும். பிளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய பட்டம் செல்லாது.

அடுத்தது வருகைப் பதிவு. வக்கீல் தொழிலையும் சட்டப் படிப்பையும் முறைப்படுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீதம் கேட்கின்றன. மொத்தத்தில் 70 இருந்தால் மட்டும் போதாது. தக்க காரணம் இருந்தால் ஒரு பாடத்தில் 65 வரை சலுகை உண்டு, அதுவும் எல்லாப் பாடமும் சேர்த்து 70 இருந்தால்தான். வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வருபவர்கள் மாட்டுவது இங்கேதான். முதல் பஸ் தவறினால் போவது எப்போதும் அதே முதல் வகுப்பு. மொத்தம் 80 இருக்கும், அந்த ஒரு பாடத்தில் 60 என்று நிற்கும். செமஸ்டர் நடுவிலேயே பாடவாரியாகக் கணக்குப் பாருங்கள். 60 வகுப்பு நடந்தால் 18க்கு மேல் விடக்கூடாது.

எல்லாவற்றையும்விட வருத்தம் தரும் தவறு, ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவது. மாதிரி நீதிமன்றத் தாளுக்கு மொத்தம் 100 மதிப்பெண். மூன்று மூட் கோர்ட்டுக்கு (கற்பனை வழக்கில் வாதாடும் பயிற்சி) 30, இரண்டு வழக்கு விசாரணைகளை நேரில் பார்த்து எழுத 30, வக்கீல் அலுவலகத்தில் கட்சிக்காரர் சந்திப்பையும் வழக்குத் தயாரிப்பையும் பார்த்து எழுத 30, வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு 10. சீனியர் மாணவரின் நோட்டை ஜெராக்ஸ் எடுத்து, வழக்கு எண்ணை மட்டும் மாற்றி எழுதிவிட்டால் மதிப்பெண் வந்துவிடும். ஆனால் சாட்சியச் சட்டத்தை உயிரோடு பார்க்கும் வாய்ப்பு அந்த நோட்டோடு போய்விடும்.

பலர் கோர்ட்டுக்குப் போகத்தான் செய்கிறார்கள். தப்பான வழக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு, "போனேன், வாய்தா போட்டுட்டாங்க" என்று திரும்புகிறார்கள். பாகப்பிரிவினை வழக்கை எடுத்தால் படிப்பு முடியும், வழக்கு முடியாது. சிவிலில் புரோநோட்டு (கடன் உறுதிச்சீட்டு) வழக்கு ஒன்றை எடுங்கள். பெரும்பாலும் வாதி, சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், பிரதிவாதி என்று மூன்று நான்கு பேரோடு சாட்சியம் முடிந்துவிடும். கிரிமினலில் சாலை விபத்து மரண வழக்கு நல்லது. புகார்தாரர், நேரில் பார்த்தவர், டாக்டர், மோட்டார் வாகன ஆய்வாளர், புலன்விசாரணை அதிகாரி என்று எல்லா வகைச் சாட்சியும் அதில் வந்துவிடும். எந்த வழக்கு சாட்சிய நிலையில் இருக்கிறது என்பதை நீதிமன்றங்களின் ஈகோர்ட்ஸ் செயலியில் அந்த வழக்குக்கே உரிய 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம், அல்லது ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்கலாம். அவருக்கு மனப்பாடமாகவே தெரிந்திருக்கும்.

உட்கார்ந்து எதைக் கவனிப்பது? விபத்து வழக்கில் நேரில் பார்த்தவர், அதாவது அ.சா.2 (அரசு தரப்பு சாட்சி 2), கூண்டில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கு விசாரணையில் வக்கீல், "லாரி வேகமாக வந்தது என்று போலீஸ் விசாரணையில் நீங்கள் சொல்லவில்லை என்றால் சரிதானே?" என்பார். சாட்சி, "சரியல்ல, சொன்னேன்" என்பார். வக்கீல் அதை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். சாட்சி ஜெயித்துவிட்டதாகவே பார்ப்பவருக்குத் தோன்றும். பல வாய்தா கழித்துப் புலன்விசாரணை அதிகாரி கூண்டேறும்போது மறுபாதி வரும்: "வேகமாக வந்ததாக அ.சா.2 உங்களிடம் சொன்னாரா?" "சொல்லவில்லை." அப்போதுதான் அந்த விடுபாடு, அதாவது கோர்ட்டில் சொன்னதைப் போலீஸிடம் சொல்லாமல் விட்டது, நிரூபணமாகிறது. போலீஸ் வாக்குமூலத்தை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 181ஆம் பிரிவு சொல்வதும், முன்னுக்குப்பின் முரணைப் பற்றி சாட்சிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 148ஆம் பிரிவு சொல்வதும் இந்த இரண்டு நாளைப் பார்த்தவருக்கு மறக்கவே மறக்காது. அதனால் முதல் சாட்சி நாளில் மட்டும் போய்விட்டு நிறுத்தாதீர்கள். அதிகாரி வரும் நாளைக் குறித்து வைத்துப் போங்கள். நோட்டில் தேதி, சாட்சி எண், அன்று குறியிட்ட அ.சா.ஆ. (அரசு தரப்பு சான்றாவணம்) எண்கள், எந்தக் கேள்விக்கு ஆட்சேபணை வந்தது, நீதிபதி என்ன சொன்னார் என்பதை அன்றைக்கே எழுதுங்கள்.

பழைய கைடை நம்பிப் படிப்பதும் ஆபத்து. 2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடப்பில் உள்ளன. கொலைக்கான 302 இப்போது 103, மோசடிக்கான 420 இப்போது 318(4) என்று எண் மாற்றப் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்பவர்கள் உள்ளே மாறியதைத் தவறவிடுகிறார்கள். அந்த விபத்து வழக்கையே பாருங்கள். ஐபிசி (பழைய இந்திய தண்டனைச் சட்டம்) 304ஏ பிரிவில் உச்ச தண்டனை இரண்டு ஆண்டு, ஆகவே அது சம்மன் வழக்கு, அதாவது எளிய நடைமுறையில் நடப்பது. அதன் இடத்தில் வந்த பிஎன்எஸ் சட்டத்தின் 106(1)இல் ஐந்து ஆண்டு வரை உண்டு; இரண்டு ஆண்டைத் தாண்டுவதால் அது வாரண்ட் வழக்கு. முறைப்படி குற்றச்சாட்டு வனைய வேண்டும். எண்ணோடு சேர்ந்து நடைமுறையே மாறிவிட்டது. பழைய சட்டத்தை மூட்டை கட்டிவிடவும் முடியாது. 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றத்துக்கு ஐபிசிதான்.

இன்டர்ன்ஷிப் மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம், ஐந்தாண்டுக்கு 20 வாரம். ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் செய்ய முடியாது என்பதால், கடைசி ஆண்டில் மொத்தமாக முடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம். விசாரணை நீதிமன்ற வக்கீல், மேல்முறையீட்டு வக்கீல் இருவரிடமும் ஒருமுறையாவது இருந்திருக்க வேண்டும். தென்மாவட்ட மாணவர்களுக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இருக்கிறது. அங்கே மனு, வாதம் எல்லாம் ஆங்கிலம். கீழ்க் கோர்ட்டில் தமிழில் மட்டும் பழகியவர்கள் முதல் வாரம் திணறுவது சகஜம். இரண்டாம் ஆண்டிலேயே போய்விட்டால் சரிசெய்துகொள்ள நேரம் கிடைக்கும். கவுனும் கழுத்துப்பட்டையும் பதிவு செய்த வக்கீலுக்கு உரியவை. மாணவர் அணியக் கூடாது.

படிப்பு முடிந்ததும் வக்கீலாகப் பதிவு செய்யும் கட்டணத்துக்குக் கடன் வாங்கத் தேவையில்லை. 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னபடி, முத்திரைத் தீர்வை நீங்கலாகப் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்; அதற்கு மேல் வசூலிக்கக் கூடாது. வக்கீல் தொழில் செய்யத் தேற வேண்டிய அகில இந்திய பார் தேர்வுக்குக் குறிப்பு எழுதாத பேர் ஆக்ட்டை (விளக்கவுரை இல்லாத சட்டப் புத்தகம்) மட்டுமே உள்ளே கொண்டுபோகலாம். வருடக்கணக்காகக் கோடு போட்டு, ஓரமெல்லாம் எழுதிய புத்தகம் அங்கே உதவாது. சுத்தமான பிரதி ஒன்றைத் தனியாக வாங்கி வையுங்கள்.