விக்கியில் சான்று சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007 முதல் 2012 வரை ‘பிச்சோலிம் மோதல்’ என்றொரு கட்டுரை இருந்தது. 1640–41இல் கோவாவில் போர்த்துக்கீசியருக்கும் மராத்தியருக்கும் நடந்த போரைப் பற்றியது. சுமார் 4,500 சொற்கள், புத்தகப் பெயர்களோடு வரிசையாக அடிக்குறிப்புகள், மற்ற பயனர்கள் மதிப்பிட்டு வழங்கிய ‘நல்ல கட்டுரை’ தகுதி வேறு. அப்படி ஒரு போர் நடக்கவே இல்லை. அடிக்குறிப்பில் இருந்த புத்தகங்களை ஒரு பயனர் தேடிப் போனபோதுதான், கட்டுரை சாய்ந்து நின்ற புத்தகங்களே உலகில் இல்லை என்று தெரிந்தது.

இப்படி வேண்டுமென்றே ஏமாற்றுகிறவர்கள் குறைவு. நல்ல எண்ணத்தோடு எழுதுகிறவர்கள் செய்யும் தவறுகள்தான் அதிகம். விளைவு என்னவோ ஒன்றுதான்: வரியின் முடிவில் அடிக்குறிப்பு எண் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு மூலத்துக்குப் போனால் அந்தச் செய்தி இருக்காது.

படிக்காத மூலத்தைக் காட்டுவது

ஒரு கட்டுரையில் பழைய நூலொன்று மேற்கோள் காட்டப்பட்டிருக்கும். நாம் பார்த்தது கட்டுரையை மட்டும்தான். ஆனால் சான்றில் எழுதுவது அந்த நூலின் பெயரை. பார்ப்பதற்கு கனமாக இருக்கும், உண்மையில் நாம் திறக்காத புத்தகம். நீங்கள் எதைப் படித்தீர்களோ அதையே காட்டுங்கள். ‘இன்ன நூல், இன்ன கட்டுரையில் எடுத்தாளப்பட்டபடி’ என்று எழுதுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

மொழிபெயர்ப்பில் இது இன்னும் சுலபமாக நடந்துவிடுகிறது. வேற்றுமொழி விக்கியிலிருந்து கட்டுரையைக் கொண்டுவரும்போது அடிக்குறிப்புகளும் கூடவே வந்துவிடும், ‘பார்த்த நாள்’ உட்பட. அந்த நாளில் பார்த்தவர் வேறு யாரோ. சீன விக்கிப்பீடியாவில் ஒரே பயனர் இடைக்கால ரஷ்ய வரலாறு பற்றி எழுதிய 200க்கும் மேற்பட்ட கட்டுரைகளில் பெரும்பகுதி கற்பனை என்பது 2022இல் வெளியே வந்தது. சான்றுகள் வேற்றுமொழியில் இருந்ததால் சரிபார்ப்பார் இல்லை. மொழிபெயர்க்கிறவர் எல்லாச் சான்றையும் திறக்க முடியாதுதான். ஆண்டு, எண்ணிக்கை, குற்றச்சாட்டு ஆகியவற்றைத் தாங்கும் சான்றுகளையாவது திறந்து பாருங்கள்.

வட்டமடிக்கும் சான்று

2009 பிப்ரவரியில் ஜெர்மனியின் பொருளாதார அமைச்சராக கார்ல்-தியோடார் சு குட்டன்பெர்க் பொறுப்பேற்க இருந்தார். அவருடைய முழுப்பெயர் ஏற்கெனவே நீளமானது. அதில் யாரோ ஒருவர் ஜெர்மன் விக்கிப்பீடியாவில் ‘வில்ஹெல்ம்’ என்று கூடுதலாக ஒரு பெயரைச் செருகிவிட்டார். நாளேடுகள் அதை அப்படியே அச்சிட்டன. விக்கியில் சான்று கேட்டபோது, பெயரை அப்படி வெளியிட்டிருந்த ஒரு செய்தித்தளமே சான்றாக வந்து நின்றது.

இதைக் கண்டுபிடிக்கத் தேதிகளை ஒப்பிட்டாலே பெரும்பாலும் போதும். அந்தத் தகவல் கட்டுரைக்குள் எப்போது நுழைந்தது என்பது, எல்லாத் திருத்தங்களும் பதிவாகும் வரலாற்றுப் பக்கத்தில் இருக்கும். நீளமான வரலாற்றில் தேட விக்கிபிளேம் போன்ற கருவிகள் உண்டு. காட்டப்படும் மூலம் அதற்குப் பிறகு வெளிவந்தது, முன்பு வந்த எதிலும் அந்தத் தகவல் இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். புத்தகம் என்பதால் விட்டுவிட வேண்டாம். விக்கிப் பக்கங்களைத் தொகுத்து அச்சிட்டு விற்கும் பதிப்பகங்களும் இருக்கின்றன.

எண் அங்கேயே, வரி மாறிவிட்டது

எனக்குத் தெரிந்து அதிகம் நடப்பதும், குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். ‘பாலம் 1932இல் திறக்கப்பட்டது’ என்ற வரிக்கு ஒழுங்கான சான்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் ஒருவர் வருகிறார். வரிக்கும் சான்று எண்ணுக்கும் நடுவில் ‘உலகிலேயே நீளமான பாலமாக அப்போது விளங்கியது’ என்று சேர்க்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, எங்கோ படித்ததைத்தான் எழுதுகிறார். ஆனால் இப்போது பழைய சான்று அந்தப் புதிய வரிக்கும் பொறுப்பேற்றுக்கொண்டு நிற்கிறது. அடுத்தவர் இரண்டு வாக்கியத்தையும் ஒன்றாகச் சேர்த்து மெருகேற்றுவார். அதற்கடுத்தவர் பத்தியை வேறு பிரிவுக்கு நகர்த்துவார். சில ஆண்டுகள் கழித்துப் பார்க்கிறவருக்கு எது மூலத்திலிருந்து வந்தது, எது இடையில் ஒட்டிக்கொண்டது என்று பிரிக்கவே முடியாது.

எண்ணிக்கைகளில் இது இன்னும் மோசம். மக்கள்தொகையைப் ‘புதுப்பிக்கிறேன்’ என்று எண்ணை மட்டும் மாற்றிவிட்டு, பழைய கணக்கெடுப்பின் இணைப்பை அப்படியே விட்டுவிடுவார்கள். விஷமிகளுக்கும் இது வசதி; 1932ஐ 1923 ஆக்கிவிட்டால், பக்கத்தில் சான்று எண் இருப்பதால் யாரும் சட்டென்று கவனிப்பதில்லை. அதனால் ஆண்டோ எண்ணிக்கையோ மாறியிருக்கும் திருத்தத்தைப் பார்த்தால் சான்றும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் வரி சேர்க்கிறீர்கள் என்றால், பழைய சான்று எண்ணுக்குப் பின்னால் சேர்த்து, உங்கள் சான்றைத் தனியாகக் கொடுங்கள்.

இன்னொன்று: பெயரிட்ட சான்றுகள். ஒரே மூலத்தைப் பல இடங்களில் பயன்படுத்த, ஓரிடத்தில் முழு விவரமும் மற்ற இடங்களில் பெயரும் மட்டும் இருக்கும். முழு விவரம் இருந்த பத்தியை நீக்கினால் மற்றவை அநாதையாகிவிடும். சில விக்கிகளில் தானியங்கிகள் இதைச் சரிசெய்யும், எல்லா விக்கியிலும் அல்ல.

தளத்தின் பெயரை வைத்தே தீர்ப்புச் சொல்வது

ஆங்கில விக்கிப்பீடியா 2017இல் டெய்லி மெயில் நாளேட்டைப் ‘பொதுவாக நம்பத்தகாதது’ என்று முடிவுசெய்தது. இப்படி அடிக்கடி விவாதிக்கப்படும் மூலங்களுக்கு அங்கே ஒரு பட்டியலே இருக்கிறது. பயனுள்ள பட்டியல்தான். ஆனால் பலர் அதைப் போக்குவரத்து விளக்குபோலப் பயன்படுத்துகிறார்கள்: பச்சை என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று. தேர்தல் முடிவுக்கு நல்ல நாளேடு போதும். ஒரு மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு அதே நாளேடு போதாது, பல ஆய்வுகளை ஒன்றாக அலசிய மருத்துவ மதிப்பாய்வு வேண்டும். ஒருவர் தம் தளத்தில் எங்கே படித்தேன் என்று சொன்னால் ஏற்கலாம், தாமே முன்னோடி என்று சொன்னால் ஏற்க முடியாது. ஒரே செய்திக்குறிப்பைப் பத்துத் தளங்கள் வெளியிட்டால் அது பத்துச் சான்று அல்ல, ஒன்று.

நல்ல இதழில் வந்ததும் பிறகு திரும்பப் பெறப்படலாம். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட ஆய்வை 1998இல் வெளியிட்ட லான்செட், 2010இல்தான் அதைத் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்ற கட்டுரையின் டிஓஐ எண் (ஆய்வுக்கட்டுரைக்கு நிரந்தர இணைப்பாக இருக்கும் அடையாள எண்) அப்போதும் வேலை செய்யும் என்பதால், இணைப்பு திறக்கிறதா என்று மட்டும் சோதிப்பது போதாது.

இயந்திரம் தரும் சான்றுகள்

செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகள் எழுதித்தரும் மேற்கோள்களில் ஆசிரியர் உண்மை, இதழ் உண்மை, கட்டுரை மட்டும் இல்லை என்பது சகஜம். டிஓஐ எண்ணைத் திறந்தால் சம்பந்தமில்லாத எங்கோ போகும். புத்தகங்களின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்குச் சின்னக் கணக்கு இருக்கிறது: 13 இலக்கங்களை முறையே 1, 3, 1, 3 என்று பெருக்கிக் கூட்டினால் விடை 10ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். இட்டுக்கட்டிய எண்கள் பெரும்பாலும் இதிலேயே மாட்டிக்கொள்ளும். எண் சரியாக இருந்தால் புத்தகம் இருக்கலாம், அவ்வளவுதான். நீங்கள் எழுதிய வரி அதில் இருக்கிறதா என்பதற்குப் பக்கத்தைத் திறக்கத்தான் வேண்டும்.

செத்த இணைப்பும் ‘சான்று தேவை’யும்

இணைப்பு திறக்கவில்லை என்பதற்காகச் சான்றை நீக்காதீர்கள். அச்சில் வந்த செய்திக்கு இணைப்பே தேவையில்லை. இணையத்தில் மட்டும் இருந்த பக்கம் என்றால், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் தேடுங்கள். அங்கேயும் இல்லை என்றால், தலைப்பு, ஆசிரியர், தேதி எல்லாம் இருந்தால்தான் வேறு இடத்தில் தேட வழி. வெறும் முகவரியை ஒட்டிவிட்டுப் போனால் பிறகு வருகிறவருக்குப் பிடிமானம் இல்லை.

‘சான்று தேவை’ என்ற குறிப்பைக் கட்டுரையின் தலையில் ஒட்டுவதைவிட, ஐயமுள்ள வாக்கியத்தின் பக்கத்தில் ஒட்டுங்கள். உயிருடன் இருப்பவர் மீதான சான்றில்லாத குற்றச்சாட்டு என்றால் ஒட்டுவதும் தவறு, உடனே நீக்க வேண்டும். இதழாளர் ஜான் செய்கென்தாலரைக் கென்னடி கொலையோடு தொடர்புபடுத்திய பொய் 2005இல் நான்கு மாதங்களுக்கு மேல் ஆங்கில விக்கிப்பீடியாவில் கிடந்தது.

மூலத்தைத் திறந்து பார்த்தும் அதில் செய்தி இல்லை என்றால், ‘சான்று தேவை’ என்று போடாமல் ‘மூலத்தில் இல்லை’ என்று குறியுங்கள். இருந்தது என்றால் எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்று எழுதிவிட்டு, மூலத்தின் அந்த ஒரு வாக்கியத்தையும் சான்று வார்ப்புருவிலேயே (சான்று விவரங்களை நிரப்பும் படிவம்) சேர்த்துவிடுங்கள். அதற்கென்றே ஒரு கட்டம் பல விக்கிகளின் வார்ப்புருவில் இருக்கிறது, பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கிறது.