'நீக்கு' என்னும் சொல்லை எங்கே நிறுத்துவது?

மொரீஷியசில் தமிழ் கற்பவர்களில் பெரும்பாலோர் வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள். அந்த மொழியில் காலணிக்கும் கறைக்கும் 'தீர்' என்னும் ஒரே வினை போதுமாகையால், தமிழிலும் அவர்கள் எல்லாவற்றுக்கும் 'நீக்கு' என்றே எழுதிவிடுகிறார்கள். "செருப்பை நீக்கிவிட்டுக் கோயிலுக்குள் சென்றேன்" என்பதில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

எடுக்கப்போகும் பொருள் அதுவரை எப்படி இருந்தது என்று முதலில் பாருங்கள். செருப்பு, மோதிரம், மூக்குக்கண்ணாடி போல மாட்டியிருந்ததைக் கழற்றுகிறோம். வெங்காயத் தோலை உரிக்கிறோம். உருளைக்கிழங்கின் தோலையோ கத்தியால் சீவுகிறோம். படிந்த கறையைப் போக்குகிறோம். புயலுக்குப் பின் சாலையை அடைத்துக் கிடக்கும் மரத்தை அகற்றுகிறோம். பத்திலிருந்து மூன்றைக் கழிக்கிறோம். பெயர், பதவி, ஐயம் என்று கைக்கு அகப்படாதவற்றுக்குத்தான் 'நீக்கு' இயல்பாகப் பொருந்தும்.

'எடு' எளிய சொல்லாகத் தோன்றினாலும் அதுவே அதிகம் ஏமாற்றும். தைப்பூசத்தன்று காவடி எடுப்பவர் எதையும் அகற்றவில்லை, தோளில் சுமக்கிறார். "படத்தை எடுத்தார்கள்" என்று மட்டும் எழுதினால் புகைப்படம் பிடித்ததாகவே வாசகர் கொள்வார்; "சுவரிலிருந்து படத்தை எடுத்துவிட்டார்கள்" என்று இடத்தையும் துணைவினையையும் சேர்த்தால்தான் அகற்றியது விளங்கும்.

பொருளுக்கு உடையவர் ஒருவர் இருந்தால் வேற்றுமை உருபும் மாறும். பூவைச் செடியிலிருந்து பறிக்கலாம். உரிமையை மக்களிடமிருந்துதான் பறிக்க முடியும். முன்னதில் இல்லாத வன்மம் பின்னதில் ஏறிவிடுவதைக் கவனியுங்கள். 'பிடுங்கு' இன்னும் முரட்டுச் சொல். களைக்கும் பல்லுக்கும் அது சரி, அலுவலகக் கடிதத்துக்கு ஆகாது.

கொடுத்தவரே மீண்டும் வாங்கிக்கொள்வதற்கு 'திரும்பப் பெறு' என்பதே சொல். 1998இல் மொரீஷியசில் வெளியான புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழ் எழுத்துகள் வழக்கமான வரிசையிலிருந்து கீழே தள்ளப்பட்டிருந்ததால் இங்குள்ள தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மத்திய வங்கி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றது. அங்கே 'பறித்தது' என்று எழுதினால் செய்தியே தலைகீழாகிவிடும். புழக்கத்தை முன்னிறுத்துவதானால் 'புழக்கத்திலிருந்து விலக்கியது' என்றும் எழுதலாம். புகார், வழக்கு, வேட்புமனு ஆகியவற்றுக்கும் 'திரும்பப் பெறு' அப்படியே பொருந்தும்.